பேச்சைப் போட்டீர்கள், பதிலையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பேப்பரின் மாவட்டப் பக்கத்தில், எங்கள் தொகுதி எம்.பி. மக்களவையில் பேசிய செய்தி வந்திருந்தது. மலைக்கிராமங்களில் செல்போன் சிக்னல் கிடைப்பதில்லை, ரேஷன் கடையிலிருந்து ஆம்புலன்ஸ் வரைக்கும் எல்லாமே போனை நம்பி ஓடுகிற காலத்தில் இந்த மக்கள் என்ன செய்வார்கள், உடனே டவர் அமைத்துத் தர வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதாகப் போட்டிருந்தீர்கள். படித்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மலையடிவாரத்தில் ஒன்பது வருஷமாக இ-சேவை மையம் நடத்துகிறேன் நான். மேலே இருக்கிற ஏழு குக்கிராமத்துக்காரர்களும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா நகல், முதியோர் பென்ஷன் மனு என்று எதுவானாலும் என் கடைக்குத்தான் இறங்கி வருவார்கள். அதனால் இந்த விஷயத்தை டெல்லியில் ஒருவர் எழுந்து பேசினார் என்றால் அது எங்கள் வீட்டு விஷயத்தைப் பேசின மாதிரிதான் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை மேலே ஒரு காதுகுத்துக்குப் போனேன். அங்கே நெட் வராது என்பதால், அவர் பேசின வீடியோவைக் கீழேயே இறக்கி வைத்துக்கொண்டு போனேன். கோயில் திண்ணையில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். இரண்டரை நிமிஷம்தான் வீடியோ, மூன்று தடவை போடச் சொன்னார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள். மூன்றாவது தடவை முடிந்ததும், ஓரமாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்த ஓர் ஆயா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "எல்லாம் செரி கண்ணு, நம்ம ஊரு பேரச் சொன்னாரா?"

சொல்லவில்லை. "என் தொகுதியில் உள்ள மலைக்கிராமங்கள்" என்றுதான் சொன்னார். எந்த ஊர், எத்தனை வீடு, எங்கேயிருந்து எத்தனை கிலோமீட்டர், ஒன்றும் இல்லை. இரண்டரை நிமிஷத்தில் அவரும் எவ்வளவுதான் சொல்ல முடியும் என்று ஆயாவிடம் சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் பஸ்ஸில் வரும்போதும் அப்புறம் இந்த ஒரு வாரமும் அந்தக் கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேலே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மாதத்தில் இரண்டு நாள் ரேஷன். கைரேகை வைக்கிற மிஷினுக்குக் கடை வாசலில் சிக்னல் கிடைக்காது. அதனால் கடைக்காரர் மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் கீழே, ரோடு திரும்புகிற வளைவுக்கு வருவார். அங்கே ஒரு புங்க மரம். அதன் அடியில் எல்லோரும் வரிசையாக வந்து ரேகை வைத்துவிட்டு, திரும்ப மேலே ஏறி அரிசி வாங்க வேண்டும். பெரியவர்களுக்கு ரேகையே விழாது. காலம் பூராவும் புளி தட்டியும் கல் பொறுக்கியும் தேய்ந்துபோன விரல். புடவைத் தலைப்பில் துடைத்து, தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி, கட்டை விரல் விழாவிட்டால் ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி வைப்பார்கள். ரேகை விழுகிற நேரத்தில் சிக்னல் போய்விடும், சிக்னல் வருகிற நேரத்தில் ரேகை விழாது. அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷன், யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார், ஏதாவது வழி பண்ணித்தான் கொடுப்பார். ஆனால் ஒரு ஊரே ஒரு நல்ல மனுஷனை நம்பி அரிசி வாங்குவது சரியான ஏற்பாடு இல்லை.

இன்னொன்று ஓடிபி. விவசாயிகளுக்கு மத்திய அரசு தருகிற பி.எம். கிசான் பணம் வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக இரண்டாயிரம் இரண்டாயிரமாக வரும். அதற்கு இ-கேஒய்சி, அதாவது ஆதாரை வைத்து ஆள் இவர்தான் என்று உறுதி செய்கிற வேலை, பண்ணியாக வேண்டும். அப்பா என் கடைக்கு இறங்கி வருவார், ஆதாரில் கொடுத்த நம்பர் உள்ள போன் மேலே மகனிடம் இருக்கும். நான் பட்டனை அமுக்கினால் ஓடிபி மேலே போகும், ஆள் இங்கே இருப்பார். மகன் பாறை மேல் ஏறி நின்றால்தான் மெசேஜ் விழும், அதைப் படித்துச் சொல்ல அவன் எங்களுக்குப் போன் போட வேண்டும், அதற்குள் நேரம் முடிந்துவிடும். மேலே அந்தப் பாறைக்குப் பிள்ளைகள் ஓடிபி பாறை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கைரேகை வைத்துச் செய்யலாமே என்பீர்கள். மேலே சொன்ன விரல்தானே இதுவும்.

பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணுக்காக 108-க்குப் போன் போட, அவளுடைய கொழுந்தன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நான்கு கிலோமீட்டர் பைக்கில் இறங்கி வந்தான், போன தை மாதம். ஆம்புலன்ஸ்காரர்கள் தாமதம் பண்ணவில்லை. தகவல் போய்ச் சேரத்தான் நேரம் ஆனது. ஜீப்பிலேயே குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறார்கள், அன்றைக்கு அந்தப் பையன் பைக்கில் பெட்ரோல் இருந்ததால்.

இதெல்லாம் எம்.பி.க்குத் தெரியாமல் இல்லை. இரண்டு தடவை மேலே வந்திருக்கிறார், அந்தப் புங்க மரத்தடியில் நின்று பேசியிருக்கிறார். எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது, ஆனால் எங்களுக்காக அவர் அவையில் வாய் திறந்தார் என்பதற்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். 543 பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒரு மலையைப் பற்றிப் பேச வாய்ப்பு வாங்குவது லேசான காரியம் இல்லை.

ஆனால் பேசின நேரம் எது என்று பார்க்க வேண்டும். அது ஜீரோ அவர், பூஜ்ய நேரம் என்று நீங்கள் எழுதுவீர்கள். பன்னிரண்டு மணிக்குக் கேள்வி நேரம் முடிந்ததும் வருகிற நேரம். விதிப் புத்தகத்திலேயே இல்லாத, பழக்கத்தில் வந்த ஏற்பாடு அது. அங்கே எதை வேண்டுமானாலும் அவசரமாக எழுப்பலாம், ஆனால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வீடியோவில் நன்றாக இருக்கும், மக்களும் சந்தோஷப்படுவார்கள், அதோடு முடிந்துவிடவும் வாய்ப்பு உண்டு.

கேள்வி நேரத்துக் கேள்வி அப்படி இல்லை. அதில் இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம், ஆனால் ஒரு நாளைக்கு 20 கேள்விதான் பட்டியலில் ஏறும், அதிலும் எல்லாவற்றுக்கும் முறை வராது, குலுக்கலில் பெயர் விழ வேண்டும். நட்சத்திரம் இல்லாத கேள்வி ஒரு நாளைக்கு 230 வரை எடுத்துக்கொள்வார்கள். அதற்கு எழுத்தில் பதில் வரும். வந்தே ஆக வேண்டும். குறைந்தது 15 நாளுக்கு முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், கேள்வி 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் கை தட்டல் கிடைக்காது, டிவியில் முகம் தெரியாது. ஆனால் ஒரு அமைச்சகம் கையெழுத்துப் போட்ட காகிதம் கிடைக்கும். அப்புறம் மக்களவை விதிகளில் விதி 377 என்று ஒன்று, 250 வார்த்தைக்குள் தொகுதிப் பிரச்சினையை எழுதிக் கொடுத்தால் அதற்கும் அமைச்சகத்திலிருந்து உறுப்பினருக்குக் கடிதம் வரும்.

இதையெல்லாம் நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்றால், சம்பந்தப்பட்ட பதில்களைத் தேடிப் படித்ததால்தான். நாடாளுமன்ற இணையதளத்தில் எல்லாம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சர்வர் இறங்கி வேலை ஓடாத மத்தியானங்களில் உட்கார்ந்து தேடினேன். எங்கள் எம்.பி. போன வருஷமே இதே சிக்னல் விஷயமாக எழுத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அது எந்தப் பேப்பரிலும் வரவில்லை, உங்கள் பேப்பரிலும் வரவில்லை. அவருடைய ஆட்களே அதை வாட்ஸ்அப்பில் போடவில்லை. பதில் இரண்டு பக்கம். அவர் நான்கு உட்பிரிவாகப் பிரித்துக் கேட்டிருந்தார், அமைச்சகம் நான்கையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்திருந்தது. முதல் பக்கம் முழுக்கத் திட்டங்களின் பெயர். இரண்டாம் பக்கத்தில் மாநில வாரியாக ஒரு அட்டவணை, அதில் தமிழ்நாடு என்ற வரியில் ஒரே ஓர் எண். அந்த எண்ணுக்குள் எங்கள் ஏழு ஊர் இருக்கிறதா இல்லையா என்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் கேள்வியிலும் கோளாறு இருந்தது. "தமிழ்நாட்டில் மொபைல் வசதி இல்லாத கிராமங்களின் விவரம் என்ன" என்று கேட்டால், தமிழ்நாட்டுக் கணக்கைத்தான் தருவார்கள். எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறோமோ அந்தப் பெயருக்குத்தான் பதில். ஆயா கேட்டது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்னொரு விஷயம் இருக்கிறது, இதுதான் எல்லாவற்றுக்கும் வேர். அரசாங்கக் கணக்கில் கிராமம் என்றால் வருவாய்க் கிராமம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தலைமைப் பதிவாளர் பட்டியல் என்று அதை வைத்துத்தான் நாட்டில் மொத்தம் 6,44,131 கிராமம், அதில் இத்தனைக்கு மொபைல் வசதி இருக்கிறது என்று எழுதுகிறார்கள். மலையில் ஒரு வருவாய்க் கிராமம் என்பது ஒரு ஊர் இல்லை. பஸ் நிற்கிற இடத்தில் ஒரு தாய்க்கிராமம், அதிலிருந்து இங்கே மூன்று கிலோமீட்டர், அங்கே ஆறு கிலோமீட்டர் என்று ஓடைக்கு அந்தப் பக்கமும் குன்றுக்குப் பின்னாலும் சிதறிக் கிடக்கிற குக்கிராமங்கள். கொல்லிமலை, கல்வராயன் மலை, ஜவ்வாது மலை, பச்சைமலை எங்கே போனாலும் இதுதான் அமைப்பு. தாய்க்கிராமத்தில் இரண்டு கோடு சிக்னல் கிடைத்தால் போதும், மொத்தக் கிராமமும் வசதி பெற்றதாகப் பதிவாகிவிடும். எங்கள் ஏழு ஊரில் ஐந்துக்கு இதுதான் நிலைமை. காகிதத்தில் அவர்களுக்கு சிக்னல் இருக்கிறது. இல்லாத ஊருக்குத்தான் டவர் என்றால், இருப்பதாக எழுதப்பட்ட ஊருக்கு எப்படி டவர் வரும்?

மீதி இரண்டு ஊரின் கதை வேறு. அங்கே டவரே இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை, அது இங்கே முக்கியமும் இல்லை. கரண்ட் போனால் அரை மணி நேரத்தில் டவரும் போய்விடும். பேட்டரி பழசு, டீசல் ஊற்ற ஆள் வருவதில்லை. ஆடி மாதக் காற்றில் மலையில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், மரம் ஒன்று கம்பி மேல் விழுந்தால் இரண்டு நாள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024-இல் கொண்டுவந்த தர விதிகளில், ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும் என்று இருக்கிறது. நல்ல விதி. ஆனால் மாவட்டம் முழுக்க முடங்கினால்தான் அது பேசும், ஒரு மலை மூன்று நாள் இருண்டு கிடந்தால் அதன் கண்ணில் படாது. அதனால் டவர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, போன வருஷம் அது எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்க வேண்டும். எங்கள் எம்.பி. இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டாலே நான் அவருக்கு ஆயுசுக்கும் நன்றியோடு இருப்பேன்.

பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாம் ரீசார்ஜ் செய்கிற பணத்திலிருந்து நிறுவனங்களுக்கு வருகிற வருவாயில் 5 சதவீதம் இதற்கென்றே ஒரு நிதிக்குப் போகிறது. 2002-இலிருந்து இருக்கிற நிதி, இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாறியிருக்கிறது. அந்த நிதியை வைத்துத்தான் 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. சிக்னலே இல்லாத 24,680 கிராமங்களுக்கு பிஎஸ்என்எல் மூலம் 4ஜி கொடுப்பதாகத் திட்டம். அதில் ஒரு வரி இருக்கிறது, பல பேர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். புதிய குடியிருப்புகள், இடம் மாறிப்போன ஊர்கள், இருந்த நிறுவனம் சேவையை நிறுத்திக்கொண்ட ஊர்கள் போன்றவற்றுக்காக இன்னும் 20 சதவீதம் கிராமங்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று திட்டத்திலேயே இடம் விட்டிருக்கிறார்கள். அதாவது கதவு திறந்துதான் இருக்கிறது. அந்த 20 சதவீதத்தில் தமிழ்நாட்டிலிருந்து எந்தெந்த ஊரைச் சேர்த்தீர்கள், எங்கள் ஏழு ஊரின் பெயர் அதில் உண்டா, இல்லையென்றால் யார் எழுதிக் கொடுத்தால் சேர்ப்பீர்கள்? ஒரு 150 வார்த்தைக்குள் இது தாராளமாக அடங்கும்.

கேபிளும் அப்படித்தான். பாரத்நெட் 2011 அக்டோபரில் வேறு பெயரில் தொடங்கியது, ஊராட்சிக்கு ஊராட்சி ஃபைபர் கேபிள் கொண்டுபோகும் திட்டம். தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சி. எங்கள் ஊராட்சி அலுவலகத்திலும் சுவரில் பெட்டி மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பெட்டி தாய்க்கிராமத்தோடு நின்றுவிட்டது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்குத் திட்டத்தைத் திருத்தி ஒப்புதல் கொடுத்தபோது, ஊராட்சித் தலைமை ஊர் அல்லாத கிராமங்களுக்கும் கேட்டால் இணைப்பு என்று சேர்த்தார்கள். "கேட்டால்" என்பதுதான் அங்கே முக்கியமான சொல். மேலே தொடக்கப்பள்ளி ஒன்று இருக்கிறது, அங்கன்வாடி இருக்கிறது. அந்த ஊர்களின் சார்பில் யார் கேட்டார்கள், எந்தத் தேதியில் கேட்டார்கள்? எம்.பி. கேட்டிருக்கிறாரா? கேட்டிருந்தால் ஊருக்குச் சொல்லட்டும், கேட்கவில்லையென்றால் வரும் கூட்டத்தொடருக்குள் கேட்கட்டும்.

சரி, இதில் பேப்பருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். உங்களுக்குத்தான் பெரிய வேலை இருக்கிறது ஐயா.

எம்.பி. தமிழில் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் எழுத்தில் வருகிற பதில் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும்தான் வருகிறது. தமிழில் வராது. புங்க மரத்தடியில் நிற்கிற யாரும் அதைப் போய்ப் படிக்கப் போவதில்லை. அவர்கள் கைக்குப் போவது உங்கள் பேப்பர்தான், அதுவும் டீக்கடையில் ஒரு பேப்பரை நாற்பது பேர் படிக்கிறார்கள். "எம்.பி. வலியுறுத்தல்", "எம்.பி. கோரிக்கை" என்று தலைப்புப் போடுகிறீர்கள், படிக்கிறோம். அந்த வலியுறுத்தலுக்கு அமைச்சகம் என்ன சொன்னது என்று மறு மாதம் ஒரு செய்தி வந்து நான் பார்த்ததே இல்லை. ஒன்பது வருஷமாகக் கடையில் பேப்பர் வாங்குகிறேன், பழைய பேப்பரைக் கூடச் சீக்கிரம் எடைக்குப் போடாதவள் நான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

பதில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. மதுரை எம்.பி. சு.வெங்கடேசன் 2020-இல் மத்திய ரிசர்வ் போலீஸ் படையான சிஆர்பிஎஃப் வேலைக்கான தேர்வு மையம் தமிழ்நாட்டில் வேண்டும் என்று மத்திய அரசுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினார், பதில் ஹிந்தியில் வந்தது. அவர் அதை அப்படியே விட்டுவிடவில்லை, உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். இங்கிலீஷில் எழுதினால் இங்கிலீஷில்தான் பதில் தர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு போனதால் கிடைத்த தீர்ப்பு அது. அதற்கு முன்னால் போனால், எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளுக்குப் போன விவகாரம், 1957. மக்களவையில் கேட்ட கேள்விக்கு வந்த பதில் சரியாக இல்லை என்று ஃபெரோஸ் காந்தி என்ற எம்.பி. விடாமல் பிடித்தார். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணைக் கமிஷன் வந்தது, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். எங்கள் டவர் அவ்வளவு பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் வழி ஒன்றுதான், கேட்டதோடு விடாமல் வந்த பதிலைப் படித்து மறுபடியும் கேட்பது.

அந்த மறுபடியும் கேட்பதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பதில் தெளிவாக இல்லை என்றால் அரை மணி நேர விவாதம் வேண்டும் என்று நோட்டீஸ் கொடுக்கலாம். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் சொன்னால் அது ஓர் உறுதிமொழியாகப் பதிவாகும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்கவே அரசு உறுதிமொழிக் குழு என்று தனியாக ஒரு குழு இருக்கிறது. எங்கள் ஏழு ஊரின் பெயரைப் போட்டுக் கேட்டு, அமைச்சகத்திடம் அந்த விவரம் இல்லாமல், "திரட்டி வருகிறோம்" என்று சொன்னால்கூட எங்களுக்கு நல்லதுதான். யாராவது ஒரு அதிகாரி மேலே ஏறி வந்து பார்த்தாக வேண்டும் அல்லவா.

அதனால் என் கோரிக்கை இதுதான். வருஷத்தில் மூன்று கூட்டத்தொடர் நடக்கிறது. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் மாவட்டப் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்குங்கள். நம் எம்.பி. என்ன கேட்டார், அமைச்சகம் என்ன பதில் சொன்னது, அந்தப் பதில் நம் ஊருக்குப் பொருந்துகிறதா என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பொருந்துகிறதா என்று பார்க்க உங்கள் தாலுகா நிருபர் ஒரு தடவை போய்ப் பார்த்தால் போதும். வேலை அதிகம் என்றால் சொல்லுங்கள், பதில்களைத் தேடி எடுத்து அனுப்புகிற வேலையை நானே செய்கிறேன், காசு வேண்டாம். இதில் எம்.பி.யைக் குறை சொல்லும் நோக்கம் துளியும் இல்லை. நல்ல கேள்வி கேட்டால் அது பேப்பரில் வரும் என்று தெரிந்தால் எந்த எம்.பி.யும் நல்ல கேள்வி கேட்பார். இப்போது பேசினால்தான் செய்தி வருகிறது, அதனால் பேசுகிறார்கள். அதில் அவர்கள் தப்பு பாதி, நம் தப்பு பாதி.

எம்.பி.க்கும் இதே பேப்பர் வழியாகச் சொல்லிக்கொள்கிறேன், படிப்பார் என்று நம்புகிறேன். சிக்னல் மட்டும் வந்தால் போதாது சார், அது வரும்போது கூடவே வருகிறதையும் நினைத்துப் பாருங்கள். அடிவாரத்தில் நெட் நன்றாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு என் கடைக்கு அழுதுகொண்டு வருகிறவர்களும் கூடிவிட்டார்கள். பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று நம்பரை வாங்கி, மகளிர் குழுக் கடன் பணம் மொத்தத்தையும் எடுத்துவிட்டார்கள் ஒரு அம்மாவிடம். பணம் போனதும் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பேங்க் மெசேஜ் எல்லாம் இங்கிலீஷில், அவருக்குத் தமிழ்தான் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். பணம் எடுக்கப்பட்டது என்ற மெசேஜ் வந்து மூன்று நாளும் அவர் போனிலேயே இருந்தது. வாடிக்கையாளருக்கு வருகிற பண மெசேஜ் அவர் கேட்கிற மொழியில் வர வேண்டும் என்று ஒரு கேள்வி போடுங்கள். எந்தெந்த வங்கி தமிழில் அனுப்புகிறது, அனுப்பாத வங்கி ஏன் அனுப்பவில்லை என்று பெயர் பெயராகக் கேளுங்கள். மத்திய அரசின் செயலிகளில் எத்தனை தமிழில் முழுசாக ஓடுகிறது என்றும் கேளுங்கள். முதல் பக்கம் தமிழில் இருந்துவிட்டு, உள்ளே மூன்றாவது பக்கம் போனதும் இங்கிலீஷுக்குத் தாவுகிறவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள். நான் தினமும் அந்த மூன்றாவது பக்கத்தில்தான் நிற்கிறேன்.

கூட்டத்தொடருக்கு ஒரு மாதம் முன்னால் தொகுதியில் ஒரு நாள் உட்கார்ந்து, என்ன கேள்வி கேட்கட்டும் என்று எங்களிடம் கேட்டுவிட்டுப் போனால் இன்னும் நல்லது. ரேஷன்காரர், நர்ஸம்மா, வாத்தியார், போஸ்ட்மேன், என்னை மாதிரி கடை வைத்திருப்பவர்கள், எங்களிடம் எல்லாம் ஊர் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, கிலோமீட்டர் இருக்கிறது. எந்தப் பாறையில் எந்த நிறுவனத்தின் சிக்னல் எத்தனை மணிக்கு வரும் என்பது வரை தெரியும்.

ஏழு ஊரின் பெயர், ஒவ்வொன்றிலும் எத்தனை வீடு, கடைசியாக சிக்னல் கிடைக்கிற இடம் அங்கேயிருந்து எவ்வளவு தூரம் என்று தனித்தாளில் எழுதி இதோடு இணைத்திருக்கிறேன். ஒரு பிரதியை எம்.பி. அலுவலகத்துக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டேன். கடிதத்தில் இடம் பற்றாமல் வெட்ட வேண்டி வந்தால் நான் எழுதினதை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டுங்கள், அந்த ஏழு பெயரை மட்டும் வெட்டாதீர்கள். பேப்பர் வந்ததும் ஆயாவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

அடுத்த ரேஷன் வரும் வெள்ளிக்கிழமை. நிருபரை அனுப்புவதானால் காலை எட்டரைக்குள் அடிவாரத்துக்கு வரச் சொல்லுங்கள், என் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. நான் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒன்பது மணிக்குக் கடைக்காரர் மிஷினோடு புங்க மரத்துக்கு வந்துவிடுவார். வளைவைத் தாண்டினதும் போன் எடுக்காது, அதனால் ஆபீஸில் சொல்லவேண்டியதை எல்லாம் கீழேயே சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இ-சேவை மையப் பெண்,
மலையடிவாரத்திலிருந்து